பத்தாவது ஆள்

தடிங்ஜூட் விளக்குப் பண்டிகைப் பௌர்ணமி கழிந்த நான்காம் நாள், புதன்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஐந்தரைக்குத்தான் கிளம்பியது. அரை மணி நேரத்தை ஒரு கல் தின்றுவிட்டது.

மோன்யுவாவில், பருப்பு மண்டித் தெரு முனையில் ஞோவின் வண்டி நின்றது. பின்னால் இரண்டு பெஞ்சு போட்டு மேலே தார்ப்பாய் கட்டிய பழைய பிக்கப். கோயில் பார்க்க வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். ஓட்டுகிற ஞோவையும் அழைத்துப் போகிற சான் யின்னையும் சேர்த்தால் பத்து. ஆனால் கிளம்பும் நேரத்துக்கு ஆள் வந்து, எட்டுப் பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல், வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனது. மிச்சம் ஒன்பது.

ஒன்பது பேராக அந்த ஊரில் யாரும் பயணம் போக மாட்டார்கள். ஒருவர் திரும்பமாட்டார் என்ற பயம். ஒன்பதாகிவிட்டால் பத்தாவதாக ஒரு கல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், உட்கார இடம் தர வேண்டும், ஆள் எண்ணும்போது சேர்த்து எண்ண வேண்டும், ஊர் திரும்பியதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சான் யின் டார்ச் லைட்டோடு தெருவோரமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மாப்பிள்ளையா பாக்கிற? ஏதோ ஒண்ண எடுத்துப் போடு. வெயில் ஏறிடும்” என்றாள் வண்டிக்குள்ளிருந்து சேன் மே. மஞ்சள் கடைக்காரி, அறுபது வயது, இரண்டு ஆள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நாள் பூரா நம்மகூட வரப்போறவன் சித்தி. மொகம் கொஞ்சம் நல்லா இருக்க வேணாமா?”

“நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் உனக்கு ஒருத்தன் மொகமும் புடிக்கல. கல்லுலயுமா சலிச்சுப் பாப்ப?”

வண்டியே சிரித்தது. சான் யின்னும் சிரித்தாள். கடைசியில் அரச மரத்தடியில், தேங்காய் அளவில், ஒரு பக்கம் தட்டையாக ஒரு கல் கிடைத்தது. தெருக்குழாயில் கழுவினாள். சேன் மே தன் டப்பாவைத் திறந்து, கல்லின் தட்டைப் பக்கத்தில் இரண்டு விரலால் தனக்கா மரப்பட்டைச் சாந்தைக் கன்னத்தில் பூசுவதுபோல் பூசிவிட்டாள்.

சான் யின் கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு, பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொன்னாள்: “கல்லுத் தம்பி, எங்ககூட கோயிலுக்கு வா. பத்திரமாக் கூட்டிட்டுப் போயி, பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்.”

அதைப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு துண்டு விரித்து உட்கார வைத்தாள். பிறகு பின்பலகையில் ஏறி நின்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினாள். ஏழு பேர், கல்லுத் தம்பி எட்டு, ஞோ ஒன்பது, தன் நெஞ்சைத் தொட்டுப் பத்து.

“பத்து. போலாம் ஞோ.”

சான் யின் இந்த வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் பஞ்சாலையில் நூல் கோத்தாள். ஆலையை மூடியபோது அவளிடம் மிச்சமிருந்தது தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் ஒன்றுதான். அந்தக் குரலோடு லாட்டரிச் சீட்டு விற்றாள். சீட்டு வாங்குகிறவர்கள் அதிர்ஷ்டம் தரும் கோயில் எது என்று கேட்கக் கேட்க, ஒரு நாள் அவர்களையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மாதத்துக்கு இரண்டு நடை, தடிங்ஜூட் சமயத்தில் நாலு. காலையில் போய் சாயங்காலம் திரும்பும் நடைதான். பழைய தேக்கு மடம், செங்கல் கோயில்கள், ஓடைக்கு அப்பால் நாக துவின் என்ற குன்றில் இருக்கும் குகைக் கோயில்கள். இதே பாதைதான், பதினெட்டு வருஷமும்.

அவளுக்கு எழுத்து அதிகம் ஓடாது. கல்வெட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆனால் ‘தெரியாது’ என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தூணை எந்த ராஜா நட்டான், அந்தப் புத்தருக்கு மூக்கு ஏன் உடைந்தது என்று யார் கேட்டாலும், கேட்கிறவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். புருஷன் விட்டுப்போனவளாகத் தெரிந்தால் ராஜா ராணியைப் பிரிந்து அழுதபடி நட்ட தூணாகிவிடும். பிள்ளையை இழந்தவர் என்றால் அதே தூண் இளவரசனின் நினைவாக ஆகும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூணைத் தடவுவார்கள். இதில் அவளுக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. யாருக்கும் நஷ்டமில்லை, ராஜா வந்து கேட்கப் போவதுமில்லை.

அந்தப் புதன்கிழமை தேக்கு மடத்தில் ஒரு மணி நேரம், செங்கல் கோயில்களில் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் எண்ணினாள். கல்லின் முறை வந்ததும் சேன் மே குரலை மாற்றிக்கொண்டு, “வந்துட்டேன் அக்கா” என்பாள். “பத்து” என்பாள் சான் யின். பதினொரு மணிக்குள் அந்தப் பத்து வாய்ப்பாடாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு ஓடைக்கு இந்தப் பக்கம், சாலையோர ஊரில், ஓன்மாவின் டீக்கடை. ஓன்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். தனியாகக் கடையை நடத்தினாள். கூட இருந்தது அப்பா ஊ பன் மவுங் மட்டும். முப்பது வருஷம் வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக அவருக்கு மறதி. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவார்.

இவர்கள் போனபோது கடை முழுக்கத் தீய்ந்த பால் வாடை. ஓன்மா சட்டியைத் தரையில் சாய்த்து வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் வாசலில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கங்கன்னுதானே சொன்னேன்? இந்த மாசத்துல இது மூணாவது சட்டி” என்றாள் ஓன்மா, நிமிராமல்.

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார் அவர்.

“எதைப் பாத்தீங்க? மேகத்தையா? எங்கேயாச்சும் போங்கப்பா. ராத்திரி வரைக்கும் என் கண்ணுல படாம இருந்தாலே போதும்.”

சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சான் யின்னுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“மாமா, எங்க வண்டியில எடம் இருக்கு. நாக துவின் போறோம். வர்றீங்களா? சாயங்காலம் இதே வாசல்ல கொண்டாந்து எறக்கி விடுறேன்.”

“குகைக் கோயிலா? மதகு வேலையில இருந்தப்பப் போனது” என்றார் அவர். எழுந்தே விட்டார். ஓன்மா சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

வண்டியில் ஏறும்போது சேன் மே சொன்னாள்: “இப்பத்தான் நாம பத்துப் பேராயிட்டோமே. இந்தக் கல்லுப் பயல எறக்கி விடுடி. எடத்த அடைக்கிறான்.”

“நீ அடைக்கிற எடத்தவிடவா சித்தி? கூட்டிட்டு வந்தவன நடுவழியில எறக்கி விடறது பாவம். ஊருக்கு வந்து எறங்கிக்கட்டும்.”

பெரியவரை முன்னால் ஞோவுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். அப்போது எண்ணவில்லை. ஏறியது எல்லாரும் கண்ணெதிரில்தானே.

ஓடையில் அப்போது தண்ணீரே இல்லை. வெறும் மணல். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. குன்றடியில் இறங்கியதும் சான் யின் வழக்கம்போல் சொன்னாள்: “மூணு மணிக்கு வண்டி. ஹாரன் அடிப்போம்.”

குன்றில் நாற்பதுக்கு மேல் குகைகள். கீழே ஒரு சின்ன மடம், அதில் ஒரே ஒரு வயதான பிக்கு. எல்லாரும் முன்னால் இருக்கும் பத்துப் பதினைந்து குகைகளோடு நின்றுவிடுவார்கள். பெரியவர் மட்டும் கடைசிவரை நடந்தார். மேல்முனையில், படுத்திருக்கும் புத்தர் இருக்கும் குகையில், தரையில் உட்கார்ந்து தூணில் சாய்ந்துகொண்டார். அவர் வழி தவறிவிடுவாரோ என்று சான் யின் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

“குளுகுளுன்னு இருக்கு. கொஞ்சம் உக்காந்திருக்கேன். மூணு மணிதானே?” என்றார்.

“மூணு மணிதான் மாமா.”

இரண்டு மணிக்கு மேற்கே மேகம் கறுத்தது. இரண்டே காலுக்கு ஞோ ஹாரனை விடாமல் அழுத்தினான். முதல் இடி அந்தச் சத்தத்தின் மேலேயே விழுந்தது. “அக்கா, மலைப் பக்கம் கொட்டுது. இன்னும் கால் மணி நேரத்துல ஓடையில வெள்ளம் எறங்கிடும். அப்பறம் நாளைக்குத்தான்.” பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஞோ தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டினான். உள்ளே முகம் தெரியாத இருட்டு.

சான் யின் பின்பலகையில் ஏறி, தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஏழு தோள். எட்டாவதாகக் கல், ஈரமாகக் குளிர்ந்திருந்தது. சேன் மே பல் நடுங்க, “வந்துட்டேன் அக்கா” என்றாள். ஒன்பது ஞோ. பத்து.

“பத்து. எடு ஞோ.”

முன்சீட்டு காலியாக இருந்ததை ஞோ பார்த்தான். மழைக்குப் பயந்து பெரியவர் பின்னால் ஏறிக்கொண்டார் என்று நினைத்தான். பின்னால் இருந்தவர்கள் அவர் முன்னால் இருக்கிறார் என்று நினைத்தார்கள். மணி இரண்டு இருபது. ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தொட்டது. “நல்ல நேரம். இன்னும் பத்து நிமிஷம் தள்ளிப் போயிருந்தா அவ்வளவுதான்” என்று ஞோ கத்தியது தார்ப்பாயைத் தாண்டிக் கேட்டது. யாரோ பௌத்த மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நாற்பது நிமிஷத்தில் டீக்கடை. ஓன்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். சான் யின் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கி, “மாமா எறங்கலாம்” என்றாள். யாரும் அசையவில்லை. முன்னால் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. பெஞ்சின் ஓரத்தில், துண்டின்மேல், கன்னத்துச் சாந்து மழையில் கரைந்து வழிய, கல் உட்கார்ந்திருந்தது.

ஞோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். “திரும்ப முடியாதுக்கா. ஓடை இப்ப ஆள் ஒசரம் ஓடும்” என்றான் காதோரமாக.

“அப்பா எங்கக்கா?” என்றாள் ஓன்மா.

சான் யின் அவள் முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் பேசியதை நினைத்து நினைத்து உள்ளுக்குள் வெந்துபோயிருந்த முகம். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

“தங்கிட்டாரும்மா. மடத்துல அந்த பிக்கு இருக்காரில்ல, அவர்கிட்ட சீலம் எடுத்து ஒரு ராத்திரி விரதம் இருந்துட்டு வர்றேன்னாரு. நாளைக்குக் காலையில யாரு வண்டியிலயாச்சும் ஏறி வந்துருவாரு.”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே” என்றாள் வண்டிக்குள்ளிருந்து சேன் மே.

“என்கிட்டச் சொன்னாரு சித்தி.”

சேன் மே அவளைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

சொன்னபோது சான் யின்னுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. மழையில் தனியாக மாட்டிக்கொண்ட மனிதர் வேறெங்கே போவார்? மடம் இருக்கிறது, பிக்கு இருக்கிறார், சோறு இருக்கும். விடிந்ததும் ஞோவைத் துரத்திவிட்டு அழைத்துவரச் சொன்னால் தீர்ந்தது. ஒரு ராத்திரிக்கு மட்டும் தேவைப்பட்ட வார்த்தை அது.

ஓன்மா தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறினாள். “கோவத்துலதான் தங்கிட்டாரு” என்றாள். உள்ளே போனாள்.

சிந்த்வின் ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது சான் யின் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கத்தான் அதை எடுத்தாள். பாலத்தின் நடுவில் தார்ப்பாயை விலக்கினாள். அதை ஆற்றில் போட்டாள். விழுந்த சத்தம் மழையில் கேட்கவில்லை. ஏன் போட்டாள் என்று அவளால் யாருக்கும் சொல்ல முடிந்திருக்காது. யாரும் கேட்கவுமில்லை.

வியாழக்கிழமை முழுக்க ஓடையைக் கடக்க முடியவில்லை. ஊ பன் மவுங்கை வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தார்கள். ஓடை வடிந்தபின், கடக்கும் இடத்துக்குக் கீழே ஒரு மைல் தூரத்தில், முள் வேலியில் சிக்கியிருந்தார். மடத்து பிக்கு அவரைப் பார்த்ததே இல்லை என்றார்.

ஊருக்கு வெளியே செத்த உடலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. கடைக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் இருநூறு அடிதான் இருக்கும். ஆனாலும் அவரைச் சுற்றுப் பாதையில், வயல் வழியாக, நேராகச் சுடுகாட்டுக் கொட்டகைக்குத்தான் கொண்டுபோனார்கள். ஓன்மா கடை வாசலில் நின்று பார்த்தாள். அவர் வீட்டுக்குள் அதன்பின் வரவேயில்லை.

ஊர்த் தலைவர் சான் யின்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பக்கத்தில் எழுத்தர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். வெளியே ஓன்மா நின்றிருந்தாள்.

“அவரா தங்குறேன்னு சொன்னாரா?”

அந்த ஒரு மூச்சில் அவளால் மாற்றிச் சொல்லியிருக்க முடியும். ஆனால் மாற்றிச் சொன்னால், அடுத்த கேள்வி எத்தனை பேர் என்று எண்ணினாயா என்பதாக இருக்கும்.

“அவரா சொன்னாரு” என்றாள். எழுத்தர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஒரு வரியை வைத்து ஊர் மிச்சத்தைக் கட்டிக்கொண்டது. தங்கப் போகிறேன் என்று சொன்ன மனிதன் மடத்துக்குப் போகவில்லை. நேராக ஓடைக்குப் போயிருக்கிறான். முப்பது வருஷம் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவன். எவ்வளவு ஓடினால் எவ்வளவு இழுக்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவன். அவன் தெரியாமலா இறங்கியிருப்பான்? மகள் மத்தியானம் என்ன சொன்னாள் என்பது கடையில் சாப்பிட்டவர்கள் மூலம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பச்சைச் சாவு, ஆயுள் முடியாமல் வந்த சாவு என்றார்கள். அந்த ஆவி கடையை விட்டுப் போகாது என்றார்கள். சாயங்காலம் ஆனால் டீ குடிக்க ஆள் வருவது குறைந்தது.

முதல் வருஷ நினைவு நாளில் ஓன்மா ஐந்து பிக்குகளைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். சான் யின்னுக்கும் ஆள் அனுப்பினாள். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்று சான் யின் போனாள். புண்ணியத்தைப் பங்கு வைத்து ஓன்மா கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றியபோது எல்லாரோடும் சேர்ந்து “சாது, சாது, சாது” என்றாள். கோழிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றாள்.

தட்டுக் கழுவும் இடத்தில் ஓன்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, அப்பா வேற ஏதாச்சும் சொன்னாரா அன்னிக்கு?”

சான் யின் அவள் முகத்தைப் பார்த்தாள். “குகை குளுகுளுன்னு இருக்குன்னாரும்மா. சந்தோஷமாத்தான் இருந்தாரு.”

அது நிஜம். அந்த ஒன்றுதான் நிஜம். அவர் சொன்ன இன்னொன்று, மூணு மணிதானே என்று கேட்டது, அவள் நாக்கின் அடியிலேயே கிடந்தது. மூன்று மணிக்கு அவர் இறங்கி வந்திருப்பார். வண்டி போய் நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஞோ அவள் வீட்டுக்கு வந்தான். பெரியவர் செத்ததிலிருந்து அவன் அவளுக்கு வண்டி ஓட்டவில்லை. குடிக்க ஆரம்பித்திருந்தான். அன்று குடிக்காமல் வந்திருந்தான்.

“ஓடைக்கு அந்தப் பக்கம் பனையேறி ஒருத்தன். நேத்து கள்ளு வாங்கப் போனப்பச் சொன்னான். அன்னிக்கு மரத்துமேல இருந்திருக்கான்” என்றான். “இறங்கலாம்னு பாத்தப்ப, நம்ம வண்டி போகுதாம். பின்னாடியே ஒரு கெழவன் குடையத் தூக்கி ஆட்டிக்கிட்டே ஓடி வந்தானாம். இடிச் சத்தத்துல எழுந்து வந்திருப்பாரு போல. வண்டி தண்ணியத் தாண்டி ஏறுனதப் பாத்துட்டு, நின்னு, குடைய மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, லுங்கிய மேல கட்டிக்கிட்டு எறங்குனானாம். வண்டி போன எடத்துலதான் எறங்கியிருக்காரு. அதே தடத்துல.”

சான் யின் வெற்றிலைப் பெட்டியை மூடினாள், திறந்தாள்.

“தற்கொலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. நம்மளப் புடிக்க ஓடி வந்திருக்காரு. அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு.”

“சொன்னா நாளைக்கு என் வண்டியில யாருடா ஏறுவா? ஒரு ஆளுக்குப் பதிலா கல்ல எண்ணினவள்னு சொல்ல மாட்டாங்க?”

“சொல்லத்தான் சொல்லுவாங்க.”

“எங்கம்மா கண்ணு தெரியாம உள்ள படுத்திருக்கா. நீ பேசாம இரு ஞோ. உன் கால்ல விழறேன்.”

அவன் எழுந்தான். கொடுத்த டீயைக் குடிக்காமல் போனான்.

அந்த வருஷமும் நினைவு நாள் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. ஓன்மா ஒவ்வொரு வருஷமும் தட்டுக் கழுவும் இடத்தில் அதே கேள்வியைக் கேட்டாள். “வேற ஏதாச்சும் சொன்னாராக்கா? யோசிச்சுப் பாருங்க.” ஒவ்வொரு வருஷமும் சான் யின் அவளுக்கு ஏதாவது ஒன்று கொடுத்தாள். ஓன்மா டீ போட்டால் அந்த ருசியே தனி என்று சொன்னார். பால் சட்டிக்கு வருத்தப்பட்டார். படுத்திருந்த புத்தரின் பாதத்தைத் தொட்டு மகள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார். கோயில் தூணுக்கு ராஜா கதை கட்டியது போலத்தான். கேட்கக் கேட்க ஓன்மாவின் முகம் இளகவில்லை. அதற்காகவே அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நல்லதாகச் சொன்னாள். அப்படி ஒன்பது வருஷம்.

வேலையிலும் அவள் மாறிப்போனாள். பேச்சில் பழைய சத்தம் இல்லை. வண்டியில் எண்ணும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆமாம் என்று வாயால் சொல்ல வைத்து, மூன்று தடவை எண்ணினாள். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டால் அன்றைய நடையையே ரத்து செய்தாள். “ஒரு கல்லு எடுத்தாப் போச்சு” என்று யாராவது சொன்னால், “என் வண்டியில கல்லு ஏறாது” என்பாள். அலட்டல்காரி என்றார்கள். சேன் மே மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் அதற்குப் பின் சான் யின்னோடு கோயிலுக்கு வந்ததே இல்லை. சந்தையில் பார்த்தால் மஞ்சளை நிறுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஏழாம் வருஷம் ஞோ கல்லீரல் கெட்டுச் செத்தான். சான் யின் சுடுகாடு வரை போனாள். எரிகிற விறகைப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கியது. துக்கம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அது நிம்மதி என்று தெரிந்தது. ஈரத் துணியோடு அப்படியே நின்றாள்.

பிறகு கெட்ட காலம் வந்தது. சாலையில் அங்கங்கே ராணுவத் தடுப்பு. யாரும் கோயில் பார்க்கக் கிளம்பவில்லை. ஓடைப் பக்கத்து ஊர்கள் எரிந்த வருஷத்தில் ஓன்மாவின் கடையும் போயிற்று என்று கேள்விப்பட்டாள். அவள் தாய்லாந்துப் பக்கம் போய் இறால் உரிக்கிறாள் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று ஒருவர் சொன்னார். நினைவு நாள் அழைப்பு நின்றது. அழைப்பு வராத அந்த முதல் வருஷம், தடிங்ஜூட் முடிந்த நான்காம் நாள், சான் யின் விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். நடை இல்லாமல் சான் யின் சந்தை வாசலில் மறுபடி லாட்டரிச் சீட்டு விற்றாள். உட்கார்ந்தபடியே விற்றாள். தெருவில் பிள்ளைகள் வரிசையாகப் போனால், அவளை அறியாமல் விரல் மடங்கும். எண்ணி முடித்ததும், சரியாகத்தான் எண்ணினோமா என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பிள்ளைகள் தெரு முனை திரும்பிப் போயிருக்கும்.

அந்தப் புதன்கிழமை நடந்து பதினைந்தாம் வருஷம். சிம் கார்டு ஒரு ஜோடி மாட்டு விலைக்கு விற்ற காலம் போய், லாட்டரி விற்கிறவள் கையிலும் ஒரு போன் இருந்தது. தடிங்ஜூட்டுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், தெரியாத ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து செய்தி வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. சீட்டு வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“சான் யின் அக்கா, நான் ஓன்மா. ஞோ அண்ணன் ரெண்டாம் வருஷமே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. பனையேறி சொன்னது, நீங்க கல்ல எண்ணினது, எல்லாம். நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் வருஷா வருஷம் உங்களக் கூப்பிட்டேன். அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்ன அப்பா ரொம்ப நல்லா பேசுனாரு. எங்கப்பா அப்படி பேசவே மாட்டாரு, அக்கா. இங்க நான் இருக்கிற எடத்துல பிக்கு இல்ல, சோறு போட முடியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். அப்பா எடத்துல ஒக்காந்து ஊர் வந்து சேந்த அந்தக் கல்லு இப்ப எங்க இருக்கு? அத மட்டும் நெசமாச் சொல்லுங்க.”